டைமிங் செயினை மாற்றும் முன் ஆயில் பிரஷரை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, திண்டுக்கல்லிலிருந்து எழுதுகிறேன். எட்டு மாதத்துக்கு முன் 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். 1.4 லிட்டர் விவிடி என்ஜின், டைமிங் செயின் உள்ளது. மாதம் ஒரு முறை அப்பாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் வாங்கினேன். இப்போது மீட்டரில் 91,000 கிலோமீட்டர். வாங்கியதும் பக்கத்துப் பட்டறையில், பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றினார்கள். இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் மூன்று நான்கு நொடி கரகரவென்று சத்தம் வருகிறது. செக் என்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0011 என்று வந்ததால் கேம் சென்சாரை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் பி0016 வந்தது. போன ஞாயிறு சிறுமலைக்குப் போய்விட்டு இறங்கி, கீழே ரயில்வே கேட்டில் நின்றபோது சிவப்பு ஆயில் லைட் மினுக்கியது. ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அணைந்துவிட்டது. ஒரு மெக்கானிக் செயின் செட் முழுக்க மாற்ற 35,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர், ஆயில் பிரஷர் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, அடியில் ஆயில் தேங்கும் சம்ப் ஓரத்தில் சிவப்பாகப் பேஸ்ட் பிதுங்கி நிற்கிறது. கசிவு எதுவும் இல்லை.

பதில்: தம்பி, மற்ற எதற்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஆயில் லைட் மினுக்கிய வண்டியைக் காரணம் தெரியும் வரை ஓட்டாதீர்கள். பட்டறை பக்கத்திலேயே இருந்தால் கூட ஏற்றிக்கொண்டுபோகும் வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். அந்த லைட்டை இயக்கும் சுவிட்ச் பெரும்பாலான கார்களில் பிரஷர் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கினால்தான் வேலை செய்யும். சூடான என்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது பொதுவாக ஒரு பார் அளவுக்காவது பிரஷர் இருக்க வேண்டும். ஆக, அந்த லைட் மினுக்கும்போது, இருக்க வேண்டியதில் பாதிக்கு மேல் இல்லை. டயருக்குக் காற்று குறைவாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி முன்கூட்டியே எச்சரிக்கிற லைட் இல்லை இது. கடைசி நேரத்தில்தான் வாய் திறக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மெக்கானிக்குகளும் இரண்டு தனித்தனி நோயைப் பார்க்கிறார்கள். ஒருவர் கண்ணில் செயின் மட்டும் படுகிறது, இன்னொருவர் கண்ணில் லைட் மட்டும் படுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தோன்றுகிறது. கேம் டைமிங்குக்கும் ஆயில் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளும் விவிடி என்ஜினில் சம்பந்தம் மிக நெருக்கமானது.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இந்தக் கணக்கைத் தவறாமல் காப்பது செயின். அந்தச் செயினை இறுக்கமாகப் பிடித்திருக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வெளியே தள்ளி நிற்கிறது. விவிடி இல்லாத பழைய என்ஜினில் அத்தோடு கதை முடிந்தது. உங்கள் என்ஜினில் கேமின் முனையில் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கு உள்ளேயே சிறு சிறு அறைகள் இருக்கின்றன. ஒரு பக்கத்து அறைக்கு ஆயில் போனால் கேம் சற்று முன்னால் திரும்பும், மறுபக்கத்து அறைக்குப் போனால் பின்னால் திரும்பும். எந்தப் பக்கம் எவ்வளவு ஆயில் போக வேண்டும் என்பதை விவிடி சோலனாய்டு என்ற மின்சார வால்வு முடிவு செய்கிறது. அதற்கு உத்தரவு கொடுப்பது என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு. என்ஜின் நிற்கும்போது ஸ்ப்ராக்கெட்டுக்குள் ஒரு சின்னப் பின் விழுந்து கேமைப் பூட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்து ஆயில் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கும்.

ஆக, கேமைத் திருப்புவதும் ஆயில், செயினை இறுக்குவதும் ஆயில், கேமும் கிராங்கும் தேயாமல் மிதப்பதும் அதே ஆயிலில்தான். அது போதிய அழுத்தத்தில் வரவில்லை என்றால் முதலில் புகார் சொல்வது விவிடிதான். பேரிங் உடனே சத்தம் போடாது. ஈசியு ‘கேமை இவ்வளவு திருப்பு’ என்று சொல்கிறது, கேம் அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. பி0011 சொல்வது அதைத்தான். பி0016 இன்னும் ஒரு படி மேல்: கிராங்க் சென்சார் காட்டும் இடமும் கேம் சென்சார் காட்டும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்கிறது. செயின் நீண்டுபோனாலும் அது வரும், பல் தாண்டினாலும் வரும், கேம் பூட்டு நிலைக்குத் திரும்பாமல் பாதியில் நின்றாலும் வரும். பி0016 வந்தாலே செயின் போய்விட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். சென்சாரை மாற்றியதற்கோ காரணமே இல்லை. சென்சார் அல்லது அதன் ஒயர் கெட்டிருந்தால் வழக்கமாக வருவது பி0340. சென்சார் இங்கே பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறது.

இப்போது நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய விஷயம். சம்ப் ஓரத்தில் பேஸ்ட் பிதுங்கி நிற்கிறது என்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. கம்பெனியில் மாட்டிய சம்பில் பேஸ்ட் அப்படிப் பிதுங்கி வழியாது. யாரோ சம்பை இறக்கித் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள், கசியாமல் ஒட்டுவதற்கான பேஸ்டைத் தாராளமாக வைத்து. வெளியே எவ்வளவு பிதுங்கியதோ கிட்டத்தட்ட அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது காய்ந்து, சூடான ஆயிலில் ஊறி, துண்டு துண்டாகக் கழன்று சம்புக்குள் மிதக்கும். ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கிறது. ஸ்ட்ரெய்னர் என்போம். துண்டெல்லாம் போய் ஒட்டுவது அங்கேதான்.

இது எனக்குப் பாடமான விதத்தையும் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் என் பட்டறைக்கு ஒரு டாக்சி வந்தது. இதே பி0016, காலையில் இதே கரகரப்பு. செயின், டென்ஷனர், கைடு எல்லாம் புதிதாக மாட்டினேன். சம்பை இறக்காமலே செயின் கவரைக் கழற்றக்கூடிய அமைப்பு அந்த என்ஜினில். அதனால் சம்ப் பக்கம் நான் போகவே இல்லை. மூன்று வாரத்தில் அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தது. அப்போதுதான் பிரஷர் கேஜ் மாட்டினேன். ஐடிலிங்கில் முள் ஏறவே தயங்கியது. சம்பை இறக்கிப் பார்த்தால் ஸ்ட்ரெய்னர் வலையில் சேமியா ஒட்டியது போல சிலிகான் பேஸ்ட் துணுக்குகள். முக்கால்வாசி அடைத்திருந்தது. வலையைச் சுத்தம் செய்து சம்பைச் சரியாக ஏற்றியதும் எல்லாம் நின்றுபோனது. அந்த டிரைவரிடம் செயினுக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கேம் டைமிங் கோடு வந்த எந்த வண்டியிலும் பிரஷர் பார்க்காமல் நான் ஒரு போல்ட்டைத் தொடுவதில்லை. உங்கள் 35,000 ரூபாயும் அப்படிப் போய்விடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் செலவில்லாத சோதனைகள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்தால் மலை வளைவில் சம்பில் ஆயில் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்து நீர்த்திருக்கிறது என்று பொருள். அப்புறம் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துப் பாருங்கள். ஆயில் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நொடியில் அணைய வேண்டும். உங்கள் லைட் மினுக்கியிருக்கிறது, ஆகவே அது உயிரோடுதான் இருக்கிறது. பழைய கார் வாங்கப் போகும் மற்றவர்கள் இதை மறக்காமல் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டால் லைட் எரியவே எரியாது. அப்படிக் கழற்றிவிட்டு விற்ற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கேஜ். இதைத்தான் நீங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் முள் காட்டும் கேஜை மாட்டுவது அரை மணி நேர வேலை. சுவிட்ச்தான் கெட்டது என்று சொல்கிறாரே அந்த மெக்கானிக், அவர் சொல்வது சரியா இல்லையா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். கேஜில் பிரஷர் நன்றாக இருந்து லைட் மட்டும் மினுக்கினால் சுவிட்ச் கெட்டது, அவர் சொன்னது சரி. ஆனால் அளக்காமல் சுவிட்சை மாற்றுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி. லைட்டோடு சேர்த்துக் காலைச் சத்தமும் இரண்டு கோடுகளும் உங்களுக்கு இருக்கின்றன. அதனால் சுவிட்ச் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேஜைக் குளிர்ந்த என்ஜினில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் குளிரில் எந்தத் தேய்ந்த என்ஜினிலும் நல்ல பிரஷர் காட்டும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை சூடேற்றிவிட்டு ஐடிலிங்கில் ஒரு அளவு, 3,000 ஆர்பிஎம்மில் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக இந்த அளவு பெட்ரோல் என்ஜினில் சூட்டில் ஐடிலிங்கில் 1 பாரும், 3,000 ஆர்பிஎம்மில் 3 பாரும் ஒட்டி இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். கேஜில் பிஎஸ்ஐ கணக்கு இருந்தால் 1 பாருக்கு 14.5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முள் நிற்கும் இடத்தைப் போலவே அது நடந்துகொள்ளும் விதத்தையும் கவனிக்க வேண்டும். சூட்டில் ஐடிலிங்கில் மட்டும் கீழே கிடந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஒழுங்காக ஏறினால் பேரிங் இடைவெளியோ பம்போ தேய்ந்திருக்கலாம், ஆயில் நீர்த்திருக்கலாம். ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நடுங்கினாலோ, ஏறிவிட்டுத் திரும்ப இறங்கினாலோ எனக்கு ஸ்ட்ரெய்னர் மேல் சந்தேகம் வரும். பம்ப் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் உறிஞ்ச ஆயில் கிடைக்கவில்லை. வேகம் எதுவானாலும் ஒரே தாழ்ந்த அளவில் அப்படியே நின்றால் பிரஷர் அளவு மீறினால் திறந்துவிடும் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். உங்கள் லைட் ஆக்ஸிலேட்டரில் அணைந்தது என்பதை வைத்து மட்டும் இதில் எது என்று சொல்ல முடியாது. 0.5 பாரைத் தாண்டினாலே லைட் அணைந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு ஏறியது என்பது லைட்டுக்குத் தெரியாது.

பிரஷர் குறைவு என்று தெரிந்தால் ஆயிலை வடித்து, பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளை விரித்து வெயிலில் காட்டினால் உண்மை தெரியும். கறுப்புக் கசடும் பேஸ்ட் துணுக்கும் இருந்தால் நல்ல செய்தி என்றே சொல்வேன். சம்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அது பம்போடு சேரும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு ஏற்றினால் போதும். அந்த ஓ-ரிங் காய்ந்து வெடித்தாலும் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், விலையோ மிகச் சொற்பம். திரும்ப ஏற்றும்போது பேஸ்ட் 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கோடாக இருந்தால் போதும் என்று நின்று பார்த்துச் சொல்லுங்கள். ஃபில்டரில் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மினுக்கும் துகள்கள் இருந்தால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ‘மெட்டல் போச்சு’ என்று சொல்வது அதைத்தான். அந்த நிலையில் செயின் செட் போடுவது வீண் செலவு. என்ஜினைத் திறக்கத்தான் வேண்டும்.

ஒரு கெஞ்சல். கசடு இருக்கிறது என்று தெரிந்ததும் சிலர் டீசல் ஊற்றி என்ஜினை ஓட விட்டு ஃப்ளஷ் செய்யலாம் என்பார்கள். விடாதீர்கள். மெல்லிய டீசலில் பேரிங்குக்குத் தாங்கல் கிடைக்காது. அதோடு, எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருந்த கசடு மொத்தமாகக் கழன்று ஏற்கெனவே பாதி அடைத்த ஸ்ட்ரெய்னரில் வந்து விழும். கசடு உள்ள என்ஜினுக்குச் சம்பை இறக்கிக் கையால் சுத்தம் செய்வதுதான் பாதுகாப்பு.

பிரஷர் சரியான பிறகுதான் கேம் பக்கம் போக வேண்டும். முதலில் விவிடி சோலனாய்டைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரில் பல என்ஜின்களில் 7 ஓம் ஒட்டிக் காட்டும். 12 வோல்ட் ஒரு கணம் கொடுத்தால் உள்ளே இருக்கும் தண்டு டக்கென்று நகர வேண்டும். அதன் வழியில் சிறிய வடிகட்டி இருந்தால் அதையும் பாருங்கள். திரும்ப மாட்டி, சூடான என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது சோலனாய்டுக்கு நேராக 12 வோல்ட் ஓரிரு நொடி கொடுத்தால் என்ஜின் தடுமாற வேண்டும் அல்லது நின்றுவிட வேண்டும். தடுமாறினால் சந்தோஷம்: ஆயில் மேலே வருகிறது, கேம் திரும்புகிறது. எதுவுமே நடக்காவிட்டால் ஆயில் வரவில்லை, இல்லையென்றால் ஸ்ப்ராக்கெட் உள்ளே சிக்கியிருக்கிறது.

பிறகு ஸ்கேனரில் கோடு மட்டும் படித்துவிட்டு மூடாமல் லைவ் டேட்டாவில் கேம் கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈசியு கேட்கும் கோணம் ஒன்று, உண்மையில் இருக்கும் கோணம் ஒன்று என்று இரண்டு எண் வரும். உண்மை எண் தாமதமாகத் தடவித் தடவிப் பின்னால் போனால் ஆயிலும் சோலனாய்டும்தான் காரணம். சோலனாய்டின் கனெக்டரைக் கழற்றிய பிறகும், எந்த வேகத்திலும், ஒரே அளவு வித்தியாசம் நகராமல் நின்றால்தான் செயின் மேல் பழி போடலாம். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் இருந்தால் ஒரு பல் தாண்டினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி தவறும். அது ஒளியாது: பிக்கப் செத்துவிடும், நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே சீராகக் குறைந்திருக்கும். நீங்கள் பிக்கப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டி ஏறியிருக்கிறது. ஆகவே பல் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

என்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரைக் கழற்றி டைமிங் மார்க் பார்ப்பதாக இருந்தால் மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். கிராங்கை ஓடும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும். பின்னால் திருப்பினால் செயின் தளர்ந்து உண்மையாகவே பல் தாண்டிவிடலாம். இரண்டாவது, செயினில் இருக்கும் வண்ணக் கண்ணிகள் ஒவ்வொரு சுற்றிலும் மார்க்குக்கு நேரே வந்து நிற்காது. அவை மாட்டும்போது உதவுவதற்காகத்தான். பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட் மார்க்கை. வண்ணம் சேரவில்லை என்று டைமிங் தவறு என முடிவுகட்டிய பட்டறைகள் உண்டு. அப்படியே டென்ஷனர் எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தால் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் தெரியும். ஏறக்குறைய முழுக்க வெளியே வந்திருந்தால் செயின் செட்டை மாற்றுங்கள். அப்போது அந்த 35,000 நியாயமான செலவு, தள்ளிப்போடக் கூடாது.

ஆயில் பற்றி. 20டபிள்யூ-50 உங்கள் என்ஜினுக்கு வேண்டாம். விவிடியின் துளைகள் மெல்லிய ஆயிலுக்காகச் செய்தவை. கெட்டி ஆயில் காலையில் மேலே ஏறுவதற்குள் அந்த மூன்று நான்கு நொடி போய்விடும். ஸ்ட்ரெய்னரும் பாதி அடைத்திருந்தால் இன்னும் மோசம். உங்கள் காலைக் கரகரப்புக்கு இது ஒன்றே கூடக் காரணமாக இருக்கலாம். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் தரத்தை மட்டும் ஊற்றுங்கள், ஃபில்டர் நம்பகமான கடையில் வாங்கியதாக இருக்கட்டும். முதல் மாற்றம் 1,000 கிலோமீட்டரில், மீதிக் கசடு அதில் வெளியே வரும். அதன் பிறகு 5,000க்கு ஒரு முறை மாற்றுங்கள். கையேடு 10,000 என்று சொன்னாலும் இந்த என்ஜினுக்கு நான் 5,000 என்றே சொல்வேன்.

இன்னொன்றையும் செய்து வையுங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள், சம்ப் ஏன் இறக்கப்பட்டது என்பது அதில் இருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மீட்டரில் 91,000 என்பது உண்மையா என்பதும் தெரியும்.

உங்களிடம் செயினுக்கு 35,000 கேட்டவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவரிடமே போய், ‘முதலில் கேஜ் மாட்டி சூட்டில் இரண்டு அளவு எடுங்கள், அதற்குக் கூலி தருகிறேன்’ என்று சொல்லுங்கள். சம்மதித்தால் அவரிடமே வேலையைக் கொடுக்கலாம். அந்த இரண்டு எண்ணையும், வெட்டிய ஃபில்டரின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அப்பாவை ரயிலிலோ வாடகை வண்டியிலோ மதுரைக்கு அழைத்துப் போங்கள்.